எதிராளியின் முதுகு: சைக்கிள் பந்தயத்தில் இருவர் மோதுவது என்றால் என்ன?

2023 ஜூலையில், பிரான்ஸின் மூன்று வார சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலையின் கோல் தெ லா லோஸ் ஏற்றத்தில் ஸ்லோவேனிய வீரர் டடேய் பொகாச்சர் தளர்ந்து பின்தங்கியபோது, "அவ்வளவுதான், இனி டூர் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகார்டுக்குத்தான்" என்று நண்பர்களிடம் தீர்ப்பு சொன்னேன். அடுத்த ஆண்டு அதே பொகாச்சர் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவையும் டூரையும் ஒரே பருவத்தில் வென்றார். இரண்டிலும் ஆறு ஆறு நாள் ஓட்டங்களில் முதலிடம் வேறு. இப்போது பலரும் நேரெதிர்த் தீர்ப்பைச் சொல்கிறார்கள்: "இவரை யாராலும் வெல்ல முடியாது."

என் தீர்ப்பு, அவர்கள் தீர்ப்பு இரண்டிலும் ஒரே பிழைதான் இருக்கிறது. சைக்கிள் பந்தயத்தை டென்னிஸைப் போலப் பார்க்கிறோம். வலைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், வலியவர் வெல்வார் என்று. ஆனால் சைக்கிளில் எதிராளி வலைக்கு அப்பால் நிற்பதில்லை. ஒரு சாண் தள்ளி நம் முன்சக்கரத்துக்கு நேரே போகிறார், அவருடைய முதுகுதான் நமக்கு நிழல். அந்த முதுகு எப்போது உதவும், எப்போது உதவாது என்று தெரிந்தால் இந்த விளையாட்டின் முக்கால்வாசி புரிந்துவிடும்.

(இங்கே சொல்லும் கணக்குகள் எல்லாம் 2025 பருவத்தின் முடிவு வரையிலானவை.)

முதலில் காற்று

பலமான எதிர்க்காற்றில் நடந்திருப்பீர்கள். அப்போது முன்னால் ஒரு பெரிய உடம்புக்காரர் போனால், அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு நடப்பது எவ்வளவு சுலபம்! சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுபவர் அப்படிப்பட்ட எதிர்க்காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். அவருடைய உழைப்பில் பெரும்பங்கு சைக்கிளை நகர்த்துவதற்குப் போவதில்லை. காற்றைப் பிளப்பதற்கே போகிறது.

இதில் ஒரு கொடுமையான கணக்கு உண்டு. காற்றைப் பிளக்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 40-லிருந்து 44-க்குப் போக, அதாவது வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட, காற்றுக்குக் கொடுக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். அதனால்தான் சமதரையில் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடுவது அவ்வளவு கடினம்.

முன்னால் போகிறவரின் பின்னால் ஒதுங்கி ஆற்றலை மிச்சப்படுத்துவதைக் காற்று மறைவு என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் ஒருவர் பின்னால் நெருக்கமாக ஒட்டிப் போனாலே தோராயமாக மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். நூற்றுக்கும் மேற்பட்டோர் நெருக்கமாகப் போகும் பெருங்கூட்டத்துக்குப் பெலோட்டான் என்று பெயர். அதன் நடுவில் இருப்பவருக்கு மிச்சம் இன்னும் அதிகம். "ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். சமதரையில் கால் பாதி, காற்று பாதி.

இதன் விளைவு விசித்திரமானது. இருவர் சம பலத்தோடு கடைசிக் கிலோமீட்டர்களுக்கு வந்தால், முன்னால் போகிறவர் செலவு செய்கிறார், பின்னால் வருகிறவர் சேமிக்கிறார். யாரும் முன்னால் போக விரும்புவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்; பந்தயத்தில் யாராவது மெதுவாகப் போவார்களா?

2025 ஜிரோவின் இருபதாம் நாள் இதற்கு நல்ல பாடம். மெக்சிகோவின் இளைஞர் இசாக் டெல் டோரோ முதலிடத்தில் இருந்தார். ஈக்வடாரின் ரிச்சர்ட் கராபாஸ் 43 வினாடி பின்னால். பிரிட்டனின் சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 வினாடி பின்னால், மூன்றாமிடத்தில். கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே மலையில் யேட்ஸ் தாக்கிவிட்டு, அதாவது திடீரென்று வேகத்தைக் கூட்டிப் பிரிந்து, போனார். துரத்த வேண்டியது யார்? "நீதானே முதலிடக்காரன், நீ துரத்து" என்பது கராபாஸின் கணக்கு. "நான் இழுத்தால் என் பின்னால் ஒளிந்து வந்து என்னையே தாக்குவாய்" என்பது டெல் டோரோவின் கணக்கு. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருக்க, யேட்ஸ் போய்க்கொண்டே இருந்தார். மலைக்கு அப்பால் அவருடைய அணித் தோழர் வவுட் வான் ஆர்ட் முன்கூட்டியே போய்க் காத்திருந்து, அவரைத் தன் மறைவில் இழுத்துச் சென்றார். முடிவில் யேட்ஸ் ஜிரோவையே வென்றார். டெல் டோரோ 3 நிமிடம் 56 வினாடி பின்தங்கி இரண்டாமிடம். பூனைகள் சண்டையில் அப்பத்தைக் குரங்கு தின்ற கதை நினைவுக்கு வராமல் போகாது. ஆனால் யேட்ஸைக் குரங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018-இல் இதே மலையில்தான் அவர் தன் முதலிடத்தை இழந்திருந்தார்.

இதுவரை பார்த்தது: வேகம் கூடக் கூடக் காற்று கனக்கும். முன்னால் போகிறவர் விலை கொடுக்கிறார். அதனால் இருவர் மோதலில் மூன்றாமவர் லாபம் அடைவது தற்செயல் அல்ல, இந்த விளையாட்டின் இயல்பு.

சாலை நிமிர்ந்தால் கதை மாறும்

மலை ஏறும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் காற்றின் பிடி தளர்கிறது. புவியீர்ப்பு பிடிக்கிறது. படிக்கட்டில் மூட்டை தூக்கிக்கொண்டு ஏறுவதைப் போல: முன்னால் ஒருவர் ஏறுகிறார் என்பதால் உங்கள் மூட்டை இலேசாவதில்லை.

இங்கே பேசப்படும் அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட் என்பது. வாட் என்பது பல்பிலும் மின்விசிறியிலும் எழுதியிருக்கும் அதே அலகுதான். எவ்வளவு வேகமாக ஆற்றல் செலவாகிறது என்பதன் அளவு. உலகின் முதல்தர மலையேறி, நீண்ட ஏற்றம் ஒன்றில் கிலோவுக்கு 6 வாட்டும் அதற்கு மேலும் அரைமணி நேரம் தாங்குவார். 65 கிலோ எடை என்றால் 390 வாட். வீட்டுக் கூரையில் சுழலும் 75 வாட் மின்விசிறிகள் ஐந்தைக் காலால் மிதித்தே ஓட்டுவதற்குச் சமம், அதுவும் பல மணி நேரம் ஏற்கெனவே ஓட்டிவிட்டு வந்த பிறகு.

ஆக, நீண்ட செங்குத்தான ஏற்றத்தில் ஒளிய இடமில்லை. பலமுள்ளவர் கழன்று போகலாம். குறுகிய, சாய்வு குறைந்த ஏற்றத்தில் வேகம் அதிகம் இருப்பதால் காற்று மறைவு திரும்ப வந்துவிடும். பலமுள்ளவராலும் பின்னால் ஒட்டியவரைக் கழற்றிவிட முடியாது.

இதை 2025 வசந்தம் மூன்றே வாரத்தில் காட்டிவிட்டது. பொகாச்சரும் நெதர்லாந்தின் மத்யூ வான் டெர் பூலும் மூன்று பந்தயங்களில் மோதினார்கள். மூன்றும் மான்யுமென்ட் எனப்படும் வகை: ஒரே நாளில் முடியும், மிக நீளமான, பழம்பெரும் ஐந்து பந்தயங்களில் அடங்கியவை.

முதலாவது மிலான்–சான் ரெமோ. ஏறக்குறைய 290 கிலோமீட்டர். கடைசி ஏற்றமான போஜ்ஜோ 3.7 கிலோமீட்டர்தான், சராசரிச் சாய்வு நாலு சதவிகிதத்துக்கும் குறைவு. பொகாச்சர் திரும்பத் திரும்பத் தாக்கினார். வான் டெர் பூல் அவர் சக்கரத்தை விடவே இல்லை. கடைசி நேர வேக ஓட்டத்தில் வான் டெர் பூல் வென்றார், பொகாச்சர் மூன்றாமிடம்.

அடுத்தது பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பந்தயம். கல் பாவிய குறுகிய மேடுகள் அடுத்தடுத்து வரும், சில இடங்களில் பத்து சதவிகிதத்துக்கு மேல் சாய்வு. அங்கே ஒவ்வொரு மேடும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களைத் தின்றது. ஔடே குவாரமாண்ட் மேட்டைக் கடைசி முறை ஏறும்போது பொகாச்சர் தனியாகப் போய் வென்றுவிட்டார்.

ஒரே வாரம் கழித்து பாரிஸ்–ரூபே. ஏற்றமே இல்லை, ஏறக்குறைய 55 கிலோமீட்டர் கரடுமுரடான கல்பாதை. இங்கே கிலோவுக்கு எத்தனை வாட் என்பது செல்லாது, மொத்தம் எத்தனை வாட் என்பதே பேச்சு. பொகாச்சரைவிட ஏறத்தாழ பத்து கிலோ கனமான வான் டெர் பூலுக்கு அது வசதி. அப்படியும் பொகாச்சர் ஒட்டிக்கொண்டே வந்தார். முடிவுக்கு 38 கிலோமீட்டர் இருக்கையில் ஒரு வளைவில் விழுந்தார். வான் டெர் பூல் தொடர்ந்து மூன்றாம் முறையாக ரூபேயை வென்றார்.

அதே இருவர், அதே உடல் நிலை, மூன்று சாலை, இரண்டுக்கு ஒன்று. "யார் பெரியவர்?" என்று கேட்டால் இதற்குப் பதில் கிடையாது. "எந்தச் சாலையில்?" என்று கேட்டால் பதில் தானாகவே வரும்.

ஒருவர் பெயரில் எட்டுப் பேர்

டூரில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். 2017 வரை ஒன்பது. அவர்களில் பெரும்பாலோர் தாங்கள் வெல்வதற்காக ஓட்டுவதில்லை. தலைவருக்குக் காற்றை மறைப்பது, தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருவது, எதிரணியின் தாக்குதலுக்கு ஓடிப்போய்ப் பதில் சொல்வது, தேவைப்பட்டால் தன் சைக்கிளையே கொடுப்பது என்று வாழ்கிறார்கள். இவர்களைத் துணைவீரர்கள் என்போம்.

துணைவீரர்களின் மதிப்பு புரிய 2022 டூரின் பதினோராம் நாளைப் பார்த்தால் போதும். பொகாச்சர் மஞ்சள் ஜெர்சியில், அதாவது மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருந்தார். விங்கெகார்ட் 39 வினாடி பின்னால். கோல் டு கலிபியே ஏற்றத்தில் விங்கெகார்டும் அவருடைய அணித் தோழர் பிரிமோஷ் ரோக்லிச்சும் மாறி மாறித் தாக்கினார்கள். ரோக்லிச் பாய்ந்தால் பொகாச்சர் துரத்த வேண்டும். பிடித்து மூச்சுவிடுவதற்குள் விங்கெகார்ட் பாய்வார். பொகாச்சர் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார், அனுப்ப ஆளில்லை; அணி ஏற்கெனவே மெலிந்திருந்தது. அன்று கடைசி ஏற்றமான கோல் டு கிரானோனில் அந்தக் கடன் வட்டியோடு வந்தது. 2 நிமிடம் 51 வினாடி இழந்தார். டூரையும் இழந்தார்.

பலர் அந்த நாளை "விங்கெகார்ட் பொகாச்சரை வென்ற நாள்" என்பார்கள். ஓர் அணி ஒரு மனிதரைக் களைப்பாக்கிய நாள் என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்காக விங்கெகார்டின் சாதனை குறைவதில்லை. அந்தத் திட்டத்தை முடித்துவைக்கக் கால் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

மூன்று வாரக் கணக்குப் புத்தகம்

ஜிரோ, டூர், ஸ்பெயினின் வுவெல்டா மூன்றும் கிராண்ட் டூர்கள். ஒவ்வொன்றும் 21 நாள் ஓட்டம், இடையே ஓய்வு நாள்கள், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் யாருடைய மொத்தம் குறைவோ அவர் வென்றவர். அதனால் ஒரு நாள்கூட வெல்லாமல் டூரை வெல்லலாம். ஆறு நாள் வென்றும் தோற்கலாம்.

இந்த முறையில் ஒரு கெட்ட நாளின் விலை அதிகம். 2023-இல் பதினைந்து நாள் முடிந்தபோது விங்கெகார்டுக்கும் பொகாச்சருக்கும் இடையே வெறும் 10 வினாடி. பதினாறாம் நாள் தனி நேர ஓட்டம்: ஒவ்வொருவரும் இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கிளம்பி, யார் மறைவும் இல்லாமல் கடிகாரத்தோடு மோதுவது. 22.4 கிலோமீட்டரில் விங்கெகார்ட் 1 நிமிடம் 38 வினாடி முந்தினார், கிலோமீட்டருக்கு நாலு வினாடிக்கும் மேல். மறுநாள்தான் நான் தீர்ப்பு சொன்ன கோல் தெ லா லோஸ். அங்கே இன்னும் ஐந்தே முக்கால் நிமிடம் அளவுக்குப் போயிற்று. இரண்டு நாளில் பந்தயம் முடிந்தது.

எதிர்முனையில் 1989. கடைசி நாள் தனி நேர ஓட்டத்துக்கு முன் பிரான்ஸின் லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னால். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், கைகளை முன்னே நீட்டி உடலைக் குறுக்கிக்கொள்ள உதவும் புதுவகைக் கைப்பிடியைப் பொருத்தி ஓட்டினார். ஃபின்யோன் தலைக்கவசம்கூட இல்லாமல், குடுமி காற்றில் பறக்க வந்தார். மூன்று வாரம் கழித்து வித்தியாசம் 8 வினாடி, லெமாண்டுக்கு வெற்றி. முதல் பகுதியில் சொன்ன மும்மடிக் கணக்குதான் அந்தக் குடுமியில் விளையாடியது.

சுருக்கமாக: ஒருநாள் பந்தயத்தில் சாலையின் வடிவம் பேசும். மூன்று வாரப் பந்தயத்தில் அதோடு அணியின் ஆழம், உடல் மீளும் வேகம், ஒரு கெட்ட நாளின் ஆழம் மூன்றும் சேர்ந்து பேசும்.

இது பகைமையா?

பெரும்பாலும் இல்லை. 2022 டூரின் ஓர் இறக்கத்தில் பொகாச்சர் விழுந்தபோது விங்கெகார்ட் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். பக்கத்தில் வந்ததும் இருவரும் கைகோத்துக்கொண்டார்கள். அதே நாள் மாலை ஓட்டகாம் ஏற்றத்தில் விங்கெகார்ட் அவரைக் கழற்றிவிட்டும் போனார். இரண்டிலும் போலித்தனம் இல்லை. நாளைக்கு யார் முதுகு தேவைப்படும் என்று தெரியாத தொழிலில் மரியாதை ஒரு முதலீடும்கூட. உண்மையான கசப்பு வேண்டுமென்றால் 1986-க்குப் போங்கள்: லெமாண்டும் பெர்னார் ஹினோவும் ஒரே அணியில் இருந்துகொண்டே மோதினார்கள்.

இனி யார்? எப்படிக் கணிப்பது?

2021 முதல் 2025 வரை ஐந்து டூர்களிலும் முதல் இரண்டு இடங்கள் இந்த இருவருக்குத்தான். பொகாச்சருக்கு மூன்று, விங்கெகார்டுக்கு இரண்டு. 2020-இல் ரோக்லிச்சை வென்றதையும் சேர்த்தால் பொகாச்சருக்கு மொத்தம் நாலு. இடைவெளிகள் (நிமிடம்.வினாடி): 2021-இல் 5.20, 2022-இல் 2.43, 2023-இல் 7.29, 2024-இல் 6.17, 2025-இல் 4.24.

இந்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. மிகப் பெரிய இரண்டு இடைவெளிகளைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் லியேஜ் பந்தயத்தில் விழுந்து பொகாச்சர் மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டார். அந்த டூரில் 7.29 இழந்தார். 2024 ஏப்ரலில் பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து விங்கெகார்டின் நுரையீரல் சுருங்கியது, காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. அந்த டூரில் 6.17 இழந்தார். இரண்டு பெரிய தோல்விகளுக்கும் முன்னால் ஒரு மருத்துவமனை இருக்கிறது. "அவர் முடிந்தார்", "இவர் முடிந்தார்" என்று நாம் பேசிய வீரமெல்லாம் பாதி எலும்பு முறிவைப் பற்றிய பேச்சு.

எனவே கணிக்க ஒரே ஓர் எண்ணை எடுக்கச் சொன்னால் நான் 2025-ஐ எடுப்பேன். அந்த ஆண்டு பொகாச்சருக்கு வசந்தத்தில் பெரிய முறிவு எதுவும் இல்லை. விங்கெகார்ட் மார்ச்சில் ஒரு முறை விழுந்து தலையில் அடிபட்டாலும் தேறி வந்துவிட்டார். டூரில் பொகாச்சர் 4 நிமிடம் 24 வினாடி மேல். 2022-இல் தோற்ற அதே ஓட்டகாமில் இம்முறை விங்கெகார்டை 2 நிமிடம் 10 வினாடி பின்தள்ளினார். சில வாரங்களில் விங்கெகார்ட் வுவெல்டாவை வென்றார், பொகாச்சர் அங்கே வரவில்லை. நீண்ட ஏற்றங்களில் இன்றைக்கு ஒருவர் மற்றவருக்கு ஒரு படி மேல் என்பதை மறுக்க முடியாது. அந்தப் படி நிரந்தரமா என்பதுதான் கேள்வி.

பொகாச்சர் 1998-இல் பிறந்தவர், விங்கெகார்ட் 1996-இல். வயது இருவருக்கும் இன்னும் எதிரி ஆகவில்லை. பொகாச்சரின் ஒப்பந்தம் 2030 வரை. 2025 முடிவில் இருவருக்கும் விட்டுப்போயிருந்த கோப்பைகள் வேறு வேறு. பொகாச்சருக்கு வுவெல்டா, சான் ரெமோ, ரூபே. ஐந்து மான்யுமென்ட்களையும் வென்றவர்கள் 2025 வரை வரலாற்றில் மூன்றே பேர். ரிக் வான் லோய், எடி மெர்க்ஸ், ரோஜர் டி விளேமிங்க், மூவரும் பெல்ஜியக்காரர்கள். விங்கெகார்டுக்கு ஜிரோ. கோப்பை வேறானால் பருவத் திட்டமும் வேறாகும். வசந்தத்தில் கல்பாதைக்காக உடலைத் தயார் செய்கிறவர் ஜூலை மலைக்குக் கொஞ்சம் களைப்போடு வரலாம். பொகாச்சர் அந்த விதியை இதுவரை சட்டை செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

பெல்ஜியத்தின் ரெம்கோ எவெனபூல் தனி நேர ஓட்டத்தில் இருவரையும் வெல்லக்கூடியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனி நேர ஓட்டம், சாலை ஓட்டம் இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஆனால் நீண்ட மலையில் அவர்களோடு ஒட்டி நிற்பது அவருக்கு இன்னும் கைகூடவில்லை. ஆகவே வழித்தடத்தில் சமதரைத் தனி நேர ஓட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டுத்தான் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். டெல் டோரோ பொகாச்சரின் அணியிலேயே இருக்கிறார். அவருக்கு முதல் தடை எதிரணி அல்ல, தலைவர்தான்.

பிரான்ஸில் இப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பது பால் செக்சாஸ் என்ற பையனை. 2025 அக்டோபரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் சாலை ஓட்டத்தில் பொகாச்சர் முதலிடம், எவெனபூல் இரண்டாமிடம், மூன்றாவதாக வந்தவர் 19 வயதான இந்த செக்சாஸ். பொகாச்சர் முதன்முதலாக டூரை வென்ற 2020 செப்டம்பரில் அவருக்கு வயது 13.